பழைய பெயரைக் கத்தும் கோபுரங்கள்

சாப்பாட்டு மேசையில், சூடேறிய மடிக்கணினியின் முன் இன்ஜினியர் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் சோதனைக் கைபேசி இருண்ட திரையில் மதிய வெயிலை வாங்கியபடி உறங்குகிறது. அதற்கு வந்த செய்தி நெட்வொர்க்கில் காத்துக் கிடக்கிறது. வட்டாரத்துக் கைபேசிக் கோபுரங்களெல்லாம், நெட்வொர்க் அதற்கு அவ்வப்போது மாற்றி வைக்கும் தற்காலிகப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகின்றன. உறக்கத்திலும் கைபேசி அவ்வப்போது காது கொடுக்கும். தன் பெயரைக் கேட்டால் எழுந்துவிடும். இந்தச் சனியன் எழவில்லை. என்ன ஆச்சு என்று காலையிலிருந்து ஆபீஸ் உயிரை எடுக்கிறது. மேசைக்கடியில் மகள் கலர் பென்சிலால் கீறும் சத்தம். “குட்டி, சாப்பிட வா!” கீறல் நிற்கவில்லை. “குட்டீ! கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. காது அடைச்சுப்போச்சா உனக்கு?” மேசைவிரிப்பை விலக்கிக்கொண்டு ஒரு சின்ன முகம் முறைக்கிறது. “நான் குட்டி இல்லன்னு காலைலயே சொன்னேன்ல? இப்ப நான் புலி.” திட்டத் திறந்த வாய் அப்படியே நிற்கிறது. கண் திரைக்கு ஓடுகிறது. கைபேசிக்குக் காலையிலேயே புதுப் பெயர் கொடுத்தாயிற்று. நெட்வொர்க் இன்னும் பழையதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறது. விரல்கள் புதுப் பெயரைப் படபடவென்று தட்டுகின்றன. கைபேசி அதிர்ந்து ஒளிர்கிறது. “அப்பாடா! புலி, சாப்பிட வாம்மா.” கீறல் சட்டென்று நிற்கிறது. மேசைக்கடியிலிருந்து குரல் மட்டும் வருகிறது: “புலி தூங்குது.”