சிரட்டைக்குப் பின்னால்

சிவதர்சினி மூக்கைச் சுளித்தபடி, நுனிவிரலால் ஒரு செருப்பைத் தூக்கிப் பிடித்தாள்.

“பார் யது, இதுக்குச் சோடியே இல்லை.”

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் நடக்கும் பிரஷர் கிளினிக்கின் கதவிலிருந்து வேப்பமரம் வரைக்கும் விறாந்தை முழுக்க அப்படித்தான் கிடந்தது. ஒற்றைச் செருப்புகள், கற்கள், சொப்பின் பை, கம்பி முறிந்த குடை, தண்ணீர்ப் போத்தல், ஒரு தேங்காய்ச் சிரட்டை. காவலுக்கு ஒரு குஞ்சு குருமான்கூட இல்லை.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

நாங்கள் சுகாதார முகாமைத்துவம் படிக்கிறவர்கள். இந்தத் தவணை முழுக்க ஆசுப்பத்திரி ஆசுப்பத்திரியாக அலைந்திருந்தோம். கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் பொத்தானை அழுத்தினால் இலக்கத் துண்டு வரும், தரையில் முகம் பார்க்கலாம். இன்னோரிடத்தில் கத்தரிக்கோலுக்கும் பெயர் ஒட்டிய இடம். எனக்கு அங்கே தின்னத் தந்த பற்றிஸ் மட்டும்தான் நினைவிருக்கிறது. அவள் ஒரு மந்திரத்தோடு திரும்பியிருந்தாள். தேவையில்லாததை அகற்று, மிச்சத்தை அடுக்கு. ஜப்பான்காரரின் முறையாம்.

இன்று அவளுக்கு வாழ்வா சாவா என்ற நாள். இந்த ஆசுப்பத்திரியில் பயிற்சிக்கு, இன்று செய்து காட்டும் வேலையைப் பார்த்து, ஒரேயொரு குழுவைத்தான் எடுப்பார்கள். எடுத்தால் வட்டக்கச்சி வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து போவாள். எடுக்காவிட்டால் கொழும்பு. கொழும்பில் அறை எடுத்துத் தங்க விடமாட்டேன், படித்தது போதும் என்று அவள் அப்பா சொல்லி முடித்துவிட்டார்.

ஆகவே அடுக்கினாள். செருப்பெல்லாம் ஒரு குவியல், கல்லெல்லாம் ஒரு குவியல், மற்றதெல்லாம் மூலையில். நான் முன்னும் பின்னும் படம் எடுத்தேன். விறாந்தை கல்யாண வீடு மாதிரிப் பளிச்சென்று இருந்தது.

அப்போதுதான் எதிர்த் தேநீர்க்கடையிலிருந்து சனம் தெருவைக் கடந்து வந்தது.

பாதிப் பேருக்கு ஒரு காலில்தான் செருப்பு.

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. விடியமுன் வந்தவர்கள், வரிசையில் தங்கள் இடத்துக்கு ஆளுக்கொரு பொருளை வைத்துவிட்டுப் பிளேன்ரீ குடிக்கப் போயிருக்கிறார்கள். சோடியாக வைத்தால் செருப்பு காணாமல் போய்விடும். ஒற்றையை ஆர் களவெடுக்கப் போகிறார்கள்?

கிளினிக் வரிசை முழுவதையும் நாங்கள் அள்ளி மூலையில் போட்டிருந்தோம்.

“ஐயோ, என்ரை கல்லு!” என்று கத்தினார் ஒரு பெரியவர்.

“அப்புத்துரை அண்ணை, அது என்ரை கல்லு. வீட்டிலையிருந்து கொண்டந்தனான்!” என்றார் இன்னொருவர்.

இரண்டு பேரும் ஒரே கல்லைப் பிடித்து இழுத்தார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தூணுக்குப் பின்னால் ஒளிந்து, சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

அங்கிருந்து பார்த்தால், சத்திய சோதனை! அறிவித்தல் பலகைக்குப் பின்னாலிருந்த கதிரையில் எங்கள் விரிவுரையாளர் குகதாசன் சேர். எப்போது வந்தாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இந்த விஜயத்தைச் செவ்வாய்க்கிழமைதான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற மனிதர். வகுப்பில் ஒரு நிமிடம் இருக்கமாட்டார், மேசைக்கு மேசை நடந்துதான் படிப்பிப்பார். இன்று ஆணி அடித்தது மாதிரி இருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

போச்சுது, எல்லாம் போச்சுது என்று நினைத்தேன்.

சிவதர்சினி அழவில்லை. கீழே குந்தி, குடையைக் கையில் எடுத்து, “இது ஆரின்ரை, அம்மா? உங்களுக்கு முன்னாலை என்ன கிடந்தது?” என்று கேட்கத் தொடங்கினாள்.

குடைக்காரி, இராசமலர் என்ற அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னா: “எனக்கு முன்னாலை சிவப்புச் செருப்பு. பின்னாலை போத்தல். போத்தலுக்குப் பின்னாலை சிரட்டை.”

பிறகு என்ன, திருவிழாதான்! ஆளின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியவில்லை, பொருள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. “சொப்பின் பை, இஞ்சாலை வாங்கோ!” “சிவப்புச் செருப்பு எங்கை போச்சுது?” அப்புத்துரை ஐயா தன் கல்லை முகர்ந்து பார்த்து அடையாளம் கண்டார். கோபமாக வந்த சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் சால்வை எப்போதோ வாயிலிருந்து விழுந்துவிட்டது.

வரிசை வேப்பமரம் வரை திரும்பவும் நீண்டபோது, அவள் கையில் ஒரு செருப்பு மிஞ்சியது. பழுப்புத் தோல், நல்ல விலைச் செருப்பு.

“இது ஆரின்ரை?”

எல்லாரும் தங்கள் காலைப் பார்த்துவிட்டு, இல்லையென்று தலையாட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பொறுப்பு டொக்டர் ஜெயரூபி வந்தா. இருந்த எல்லாரும் எழும்பினார்கள். சேர் மட்டும் எழும்பவில்லை. அவ்வளவு கோபமாக்கும் என்று நான் திரும்பவும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

டொக்டர் நடந்ததைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. “குலைச்சதும் இந்தப் பிள்ளைதான், திருப்பிக் கட்டினதும் இந்தப் பிள்ளைதான். இவையை எடுப்பமோ, சேர்?”

“எடுங்கோ, எடுங்கோ,” என்றார் சேர், அவசர அவசரமாக, கதிரையில் இருந்தபடியே.

நான் துள்ளிக் குதித்துவிட்டேன். அப்புத்துரை ஐயா எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்.

டொக்டர் உள்ளே போனதும் சேர் சிவதர்சினியை விரலால் கூப்பிட்டார். செருப்பும் கையுமாக அவள் தயங்கித் தயங்கிப் போனாள். ஏச்சு விழப்போகிறது என்று நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“பிள்ளை, அதைச் சிரட்டைக்குப் பின்னாலை வையும்.”