மூடாத வட்டம்

கிருமிக்கு மழை வாசம் கொடுக்கும் மரபணுவைக் கோமளவல்லியும் இருதயராஜும் சேர்ந்து உருவாக்கினார்கள். காப்புரிமை வாங்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பினார்கள். அது கரைந்த நீரைத் தாளில் ஒரு சொட்டு வைத்து, காய்ந்தால் இடம் தெரியாதென்று சுற்றிப் பென்சிலால் வட்டமிடுவார்கள். வாங்கியவர் அதை மாற்றி அமைத்தால் தன்னுடையதிலும் ஒரு சொட்டு அனுப்ப வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. "இது எங்க ஊர் மழை இல்ல வல்லி" என்று சொல்லிக்கொண்டே இருந்த இருதயராஜ் ஒருநாள் ஆய்வகத்தை விட்டே போய்விட்டான். அதற்குப் பிறகான ஒன்பது வருடங்களில் எங்கெங்கிருந்தோ சொட்டுகள் வந்தன. ஒன்று எலுமிச்சையாக மணத்தது, ஒன்று புதுச் செருப்பாக.

இன்று தபால் பிரிக்கும் லூர்து ஓர் உறையோடு வந்தார். "அனுப்பினவங்க பேரே இல்ல மேடம். உள்ள வெறும் தாளு. குப்பையில போட்ரவா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். பென்சில் வட்டம் ஒரு நெல்மணி அளவுக்கு மூடாமல் இருந்தது. இருதயராஜ் எந்த வட்டத்தையும் முழுதாக மூடியதில்லை.

வட்டத்தை வெட்டி ஊறவைத்து, ஊறிய நீரைக் கிருமிகளோடு சேர்த்தாள். வளர்ந்து மணக்க நாளைக் காலை ஆகும். மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னல்களைச் சாத்தினாள். பிறகு தலையிலிருந்த மல்லிகையை எடுத்து, கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.