முட்டிப் போட்டி

“நல்லா காது கொடுத்துக் கேளும்மா. நான் உக்காந்து எந்திரிச்சா முட்டி ‘கடக் கடக்’னு சத்தம் போடுது!” என்றார் மாமனார்.

“என் முட்டி சத்தம் போடக்கூடத் தெம்பில்லாம கிடக்கு. கீழ் அறை எனக்குத்தான்,” என்றார் அப்பா.

புது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே பாட்டுதான். மாடியில் இரண்டு அறை, கீழே ஒன்று. கீழ் அறையிலிருந்து ஓர் எட்டு வைத்தால் சமையலறை, ஜன்னலைத் திறந்தால் தோட்டம். அப்பாவுக்குக் கொடுத்தால் மாமனார் முகம் தொங்கும். மாமனாருக்குக் கொடுத்தால் அப்பா சாப்பிட மாட்டார். கணவனோ இந்த விஷயத்தில் வாயைத் தைத்துக்கொண்டுவிட்டான். பாவம், ஒருவருக்கு மகளும் இன்னொருவருக்கு மருமகளுமான அவள்தான் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தாள்.

லேபில் வேலை பார்க்கிறவள் ஆயிற்றே! ஆளுக்கொரு சின்ன பாட்டிலை நீட்டினாள்.

“முட்டியில இருக்கிற குருத்தெலும்பு தேயத் தேய, அதோட துணுக்கு சிறுநீர்ல வந்து சேரும். அதை அளந்தா, எக்ஸ்ரேல தெரியறதுக்கு முன்னாடியே தேய்மானம் எந்த வேகத்துல போகுதுன்னு ஓரளவு சொல்லிடலாம். நாளைக்குக் காலையில கொடுங்க. யாருக்கு அளவு அதிகமோ, அவருக்குக் கீழ் அறை.”

“சரியான ஏற்பாடு. சோதனை பொய் சொல்லாது, சம்பந்தி,” என்றார் அப்பா.

“மனுஷன்தான் சொல்லுவான்,” என்றார் மாமனார்.

மறுநாள் விடிந்ததும் ஒருவர் பின் ஒருவராகத் தோட்டத்தில் உலாவிவிட்டு வந்து பாட்டிலைக் கொடுத்தார்கள். அவள் கிளம்பும்போது தோட்டக்காரர் வலது காலை இழுத்து இழுத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மொட்டை மாடிக்குப் போகவேண்டிய பூந்தொட்டிகள் வாசலிலேயே கிடந்தன. அந்தக் காலோடு தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறும்படி அவரிடம் சொல்ல யாருக்கு மனசு வரும்?

சாயங்காலம் அவள் வந்ததும் வராததுமாக இருவரும் கூடத்தில் ஆஜர். தைல வாசனை தெருமுனை வரை அடித்தது.

“ரெண்டு பேருக்கும் அளவு ரொம்பக் கம்மி. இளவட்ட முட்டி! அதுவும் புள்ளிக்கு அப்புறம்கூட ஒரே எண். சம்பந்திப் பொருத்தம்னா இதுதான். ரெண்டு பேரும் மாடிக்குப் போங்க. கீழ நாங்க இருந்துக்கறோம்.”

“அது எப்படிம்மா?” மாமனார் துள்ளி எழுந்தார். முட்டி மூச்சே விடவில்லை. “அந்த ஆளு நாலடி நடக்கவே அந்தப் பாடு படறானே!”

“எந்த ஆளு, மாமா?”

மாமனார் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் கண் ஜன்னல் பக்கம் போனது. அப்பாவின் கண்ணும் அங்கேயேதான் போனது.

வெளியே, பக்கத்து வீட்டு நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்து வர, தோட்டக்காரர் வாளியோடு ஓடி ஒரே தாவலில் மதிலைத் தாண்டினார்.

“உங்களுக்கும் அவன்தான் கொடுத்தானா, சம்பந்தி?” என்றார் அப்பா, ஈனஸ்வரத்தில்.