யார் வாசனையும் படாத போர்வை

காலையிலிருந்து நான்கு முறை அந்தப் போர்வையை உதறி விரித்துவிட்டாள் கேரல். யார் வாசனையும் படாத புதுப் போர்வை. இரண்டு தீனித் தட்டு, ஒளிந்துகொள்ள நான்கு அட்டைப்பெட்டி.

அக்ரஹாரம் ஏரியாவிலிருந்து ஆட்டோவில் எட்வின் கினிப்பன்றிக் கூண்டோடு வந்து இறங்கினான். அவன் பையன்கள் இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கேரலின் பெண்கள் இருவரும் சோபாவைவிட்டு எழவில்லை.

“ஆண் ரெண்டுக்கும் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் ஆச்சு இல்ல?” என்று கேட்டாள் கேரல்.

“ஆச்சு. இனி குட்டி பயம் இல்ல. ஆனா சண்டை வரலாம்னார் டாக்டர்.”

“வரட்டும். ரத்தம் வராத வரைக்கும் நாம கை வைக்கக் கூடாதாம்.”

எட்வின் தன் ஆண் கினிப்பன்றிகள் இரண்டையும், கேரல் தன் பெண் ஜோடியையும் போர்வையில் விட்டார்கள். நான்கும் நான்கு பெட்டிக்குள் ஓடி ஒளிந்தன. அரை மணி ஆகியும் ஒரு மூக்குகூட வெளியே வரவில்லை. கேரல் நகத்தைக் கடித்தபடி சமையலறைக்கும் ஹாலுக்குமாக நடையாய் நடந்தாள்.

“இதுங்க சேராது கேரல்” என்றான் எட்வின்.

“நல்லா பாருங்க. சேர்ந்தாச்சு.”

அவன் திரும்பிப் பார்த்தான். இதுவரை மூன்று முறை சந்தித்தும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத நான்கு பிள்ளைகளும் போர்வையைச் சுற்றிக் குப்புறப் படுத்திருந்தார்கள். ஒரே கொத்தமல்லிக் கட்டைப் பிய்த்து, பெட்டி பெட்டியாக நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்த மாசம் நமக்குக் கல்யாணம்னு இப்பவே சொல்லிடலாமா?” என்று கிசுகிசுத்தாள் கேரல்.

அவளுடைய பெரிய பெண் திரும்பாமலே கன்னடம் கலந்து சொன்னாள்:

“சும்னே இருங்க மம்மி, எல்லாம் தெரியும். ரத்தம் வராத வரைக்கும் நீங்க கை வைக்காதீங்க.”