அஞ்சாங் கிளாஸ் கலைமதி

"ஒரு வாரமா உங்க பொண்ணு ஸ்கூல் பக்கமே வரல. நீங்களும் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கீங்களேம்மா?"

தலைமையாசிரியை தெய்வநாயகி உப்பளத்து வரப்பில் நின்றபடி கத்தினார். மரக்காணத்து வெயிலில் உப்பின் வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. செருப்பில் சேறு அப்பி, காலைத் தூக்கி வைப்பதே பெரும்பாடாக இருந்தது. இந்த வயதில் ஆள் பிடிக்கிற வேலையும் தன் தலையில் விழுந்ததே என்று அவருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

உப்பு வாரிக்கொண்டிருந்த சாலம்மாள் நிமிர்ந்தாள்.

"நான் சொல்லாமலா இருக்கேன் பெரிய டீச்சர்? கேட்டாத்தானே! காலைல எனக்கு முன்னாடி அதுதான் கூடையத் தூக்கினு கெளம்பி நிக்குது."

"ஜுரம்னு சொல்லியனுப்பினா. நானும் நம்பி, பாவம், படுத்திருக்கட்டும்னு விட்டுட்டேன். இங்க வந்து பாத்தா உப்பு சுமக்கிறா!"

"ஜுரமா?" சாலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. முழுப் பரீட்சை வருது. அஞ்சாங் கிளாஸ் வேற. இந்த நேரத்துல இப்படிப் பண்ணா படிப்பு என்னத்துக்காகும்?"

"வூட்டு நெலம அப்படி இருக்குது டீச்சர். அவங்கப்பா படுத்த படுக்கையா இருக்காரு. என் ஒருத்தி கூலியில எவ்ளோதான் பாக்கறது?"

"அதெல்லாம் எனக்கும் தெரியுதும்மா. என் நெலமையையும் கேளுங்க. ஊர்ல நெலம் வெச்சிருக்கறவங்க புள்ளைங்க எல்லாம் மஞ்ச வேன்ல ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போயிடுச்சுங்க. குப்பத்துப் பசங்களும் அதே வேன்தான். மிச்சம் இருக்கறது உப்பளத்துப் புள்ளைங்க மட்டும்தான். கலைமதி வரலன்னு தெரிஞ்சதும் அதுங்களும் மட்டம் போட ஆரம்பிச்சிடுச்சுங்க. இப்படியே போனா, ஆள் இல்லன்னு ஸ்கூலையே மூடிடுவாங்க. அப்புறம் இதுங்க எங்க போவும்?"

அது தெய்வநாயகி முப்பது வருடமாகக் கட்டிக்காத்த பள்ளிக்கூடம்.

"நான் சொன்னா எடுபடாது டீச்சர். நீங்களே கேளுங்க. தோ வருது."

தலையில் கூடையோடு வந்த கலைமதி, தலைமையாசிரியையைக் கண்டதும் திரும்பி நழுவப் பார்த்தாள். ஒற்றை வரப்பில் பின்னாலேயே ஆட்கள் வர, வழியில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள்.

"என்னம்மா இது கோலம்? உன்னால கிளாஸே காலியா கெடக்குது. நாளைக்கு ஒழுங்கா வர்றியா, இல்லியா?"

கலைமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தயங்கித் தயங்கித்தான் பேசினாள்.

"பொய் சொன்னது தப்புதான். எனக்கு மட்டும் அந்தப் பசங்கள விட்டுட்டு வர ஆசையா? ஆனா இங்க சனிக்கெழம ஆனா கூலி கைக்கு வந்துடுது மேடம். நம்ம ஸ்கூல்ல பொங்கலுக்கு அப்புறம் எனக்குச் சம்பளமே போடல. போட்டதும் ஓடி வர்றேன். அதுவரைக்கும் அஞ்சாங் கிளாசுக்கு வேற டீச்சரப் பாத்துக்குங்க."