எந்த லசோட்டா?

"லசோட்டா பேரு போகணும்னு சட்டமே சொல்லுது. நீங்க மட்டும் ஏம்மா ஒத்தக் கால்ல நிக்கிறீங்க?" என்றார் நகர மன்றத் தலைவர் வாலெரி.

போக்னா எழுந்தார். அறுபதைத் தாண்டியவர். மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. கைபேசியை எதிரே மேசைமேல் வைத்து அதையே ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டம் அந்த லசோட்டாவைத்தானே வேண்டாங்குது தலைவரே? நான் வேற லசோட்டா கொண்டுவந்திருக்கேன்."

கூட்டம் சிரித்தது.

விஷயம் இதுதான். பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியின் கட்சிப் பெரியவர்கள் பெயரில் தெருக்கள் இருக்கக் கூடாது என்று தலைநகர் வார்சாவில் சட்டம் போட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் மாட்டியது லசோட்டா தெரு. அந்த லசோட்டா கட்சிச் செயலாளராக இருந்தபோது, வேலைநிறுத்தம் செய்தவர்களைப் பிடித்து உள்ளே போட்டவர். ஆனால் பலகையில் வெறும் குடும்பப் பெயர்தான் இருக்கிறது. அதே பெயர் கொண்ட வேறொரு பிரபலத்தைப் பிடித்து, இனிமேல் இது அவர் தெரு என்று தீர்மானம் போட்டால் சட்டமும் வாயை மூடும், பலகையும் அசையாது. பக்கத்து ஊர்க்காரர்கள் இந்த வித்தையை எப்போதோ செய்துவிட்டார்கள்.

வாலெரிக்கோ ரோஜாத் தெரு என்று வைக்க ஆசை.

"அடையாள அட்டை, பத்திரம் எல்லாம் மாத்தணுமேன்னு பயமா? மன்றமே இலவசமா மாத்தித் தரும்."

"அதுக்கில்ல."

"பின்ன?"

"எனக்கு அந்தப் பேரு வேணும்."

இரும்புக்கடை எமிலுக்குப் பொறுக்கவில்லை. "வேற யாராவது கேட்டாப் பரவாயில்ல. உங்க வீட்டுக்காரரையே அந்த ஆளு உள்ள தள்ளி, பல்லைப் பேத்து அனுப்புனான். ஜெனோன் அண்ணன் அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் காறித் துப்பிட்டுத்தான் போவாரு. அவரு சம்சாரம் அந்தப் பேருக்கு வக்காலத்து வாங்குறீங்க. அண்ணன் ஏன் வரல? உங்ககூடப் பேசறதையே நிறுத்திட்டாரா?"

"முழங்கால் வலி. வீட்டுல இருக்காரு." போக்னாவின் முகம் சிவந்துவிட்டது. "வந்த வேலையைப் பாப்போமா? முதல்ல குத்துச்சண்டை வீரர் லசோட்டா. நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்தவரு."

"குடிச்சிட்டு நடுவரையே குத்துனவன்," என்றார் எமில். "அவன் பேரை வச்சா பொழுது சாஞ்சப்பறம் அந்தத் தெருவுல யார் நடக்கிறது?"

"சரி. பாடகி லசோட்டா."

பங்குத்தந்தை தொண்டையைக் கனைத்தார். "மூணு கல்யாணம். மூணு பேரும் அண்ணன் தம்பிங்க."

"அப்போ உங்க பக்கமே ஒருத்தர் இருக்காரு, ஃபாதர். பிஷப் லசோட்டா."

பங்குத்தந்தையின் முகம் மலர்வதற்குள் பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது. "நம்ம ஊரு சூப்பை வாயில வைக்க முடியலன்னு தட்டைத் தள்ளிவிட்டவருதானே?" அது போருக்கு முன்னால் நடந்தது. எங்கள் ஊரில் இன்னும் யாரும் மன்னிக்கவில்லை.

வாலெரி கடிகாரத்தைப் பார்த்தார். "போதும்மா. ரோஜாத் தெருன்னு வச்சா ரெண்டு மாசத்துல எல்லாருக்கும் பழகிடும்."

"எல்லாருக்கும் பழகாது." போக்னாவின் குரல் உடைந்தது. ஆனால் அவர் உட்காரவில்லை. "இன்னும் ஒருத்தர் இருக்காரு. பேராசிரியர் லசோட்டா. காளான் ஆராய்ச்சி பண்ணவரு. எதைத் தின்னலாம், எதைத் தின்னா சாவுன்னு படம் போட்டுப் புத்தகம் எழுதினவரு."

மண்டபத்தில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. செப்டம்பர் வந்தால் விடியற்காலையில் கூடையோடு காட்டுக்குள் போகாத ஆள் அங்கே ஒருவர்கூட இல்லை.

"அந்தப் புத்தகம் என்கிட்ட இருக்கு," என்றார் பங்குத்தந்தை.

"எங்க வீட்டுலயும்தான்," என்றார் எமில், மனசே இல்லாமல். "போன வருஷம் என் மச்சினன் உசுரைக் காப்பாத்துனதே அதுதான். காப்பாத்தாமலே இருந்திருக்கலாம்."

உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். தலைவர் கை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. லசோட்டா தெரு, லசோட்டா தெருவாகவே நின்றது.

போக்னா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி. காதில் வைத்தவர், யாருக்கும் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் படியிறங்கி ஓடினார்.

"ஜெயிச்சாச்சுல்ல, இனி நம்மளை எதுக்கு மதிக்கணும்?" என்று முணுமுணுத்தார் வாலெரி.

அவர் வெளியே வந்தபோது பனி விழத் தொடங்கியிருந்தது. வாசலில் வெளியூர்ப் பேருந்து ஒன்று நின்றது. அதன் ஓட்டுநர் ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார். காலில் வீட்டுச் செருப்பு, மேலங்கி இல்லை. வாலெரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெனோன்.

"இவரைத் தெரியுமா சார்? எங்க ஏறினாருன்னே தெரியல. தன் பேரே ஞாபகமில்லைங்கிறாரு. சம்சாரம் பேரு கேட்டேன், அதுவும் தெரியல."

"ஜெனோன் அண்ணே, நான் வாலெரி. என்னைத் தெரியலையா?"

ஜெனோன் மரியாதையாகச் சிரித்தார். பிறகு முன்பின் தெரியாதவர் கையைப் பற்றுவதுபோல் வாலெரியின் கையைப் பற்றிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் தடங்கலில்லாமல் சொன்னார்:

"லசோட்டா தெரு, பன்னிரண்டாம் நம்பர். அங்க கொண்டுபோய் விட்டுடுங்க."