பதினான்காம் வளை

சாக்கைக் கவிழ்த்ததும் முள்வால் ஓணான்கள் தரையில் விழுந்தன. ஒன்றுகூட ஓடவில்லை.

முதுகெலும்பை ஒடித்திருந்தார்கள். முன்கால்கள் மட்டும் தரையைப் பிறாண்டின. பின்பாதி, யாரோ கட்டிவிட்ட ஈரத்துணி போலக் கூடவே இழுபட்டது.

ஆராய்ச்சிக்காரி தன் துணிப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். வன அலுவலகத்தின் அந்தத் தரையில் எதையும் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பிடிபட்ட எண்ணெய்ப் புட்டிகளில் இரண்டு உடைந்து, மஞ்சள் பிசுக்கு மேசைக்காலைச் சுற்றிப் பரவியிருந்தது. உயிரோடு வாட்டி இறக்கிய கொழுப்பு. அதன் நாற்றம் தொண்டைவரை இறங்கி, போக மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

எண்ணெய் வியாபாரி சுவரோரம் குந்தியிருந்தான். நகக்கண்ணெல்லாம் பிசுக்கு. அதே விரலால் பல் குத்திக்கொண்டிருந்தான்.

"வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா ஆயிடுச்சு சார் என் பொழப்பு," என்றான் ரேஞ்சரிடம். "மூட்டு வலிக்குத்தான் விக்கிறேன். ஆம்பளைங்க சமாச்சாரத்துக்கெல்லாம் இல்ல."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணைத் தாழ்த்தினான். அந்த மரியாதைதான் அவளுக்கு அதிகம் குமட்டியது.

இவை இன்ன இனம்தான் என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வழக்கு நிற்கும். அதற்காகத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

குனிந்து, கிட்டத்தில் கிடந்த ஒன்றின் முதுகில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்தாள். அடியில் பச்சைச் சாயத்தில் பதினான்கு. நான்கின் வாலைக் கொஞ்சம் நீட்டி இழுத்திருந்தது. அவள் எப்போதும் அப்படித்தான் எழுதுவாள்.

அடுத்தது முப்பத்தொன்று. அதற்கடுத்தது ஆறு.

ஆறு வருடமாக அவள் கூடவே இருந்து கவனித்துவந்தவை. வெயில் ஏறிய பிறகுதான் பதினான்கு தலையை நீட்டும். புல்லைக் கறிக்கும், பூ கிடைத்தால் அன்றைக்கு விருந்து. பொழுது சாய்ந்ததும் உள்ளே போய், வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். கை விட்டால் முள்வாலைச் சுழற்றும். வேறு ஆயுதம் கிடையாது.

போன குளிர்காலம் முழுக்க நான்கு குட்டிகளைத் தன் வளையிலேயே வைத்திருந்தது. தாயின் புழுக்கையைத் தின்றுதான் குட்டிகளின் வயிறு இலை தழைக்குப் பழகும். அந்தப் புழுக்கையை வெறுங்கையால் பொறுக்கி, முகர்ந்து, எடை போட்டவள் அவள். அவளுடைய அக்கா இன்றுவரை அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. அருவருப்பு என்பது தனக்குக் கிடையாது என்றுதான் நினைத்திருந்தாள், இந்த அறைக்குள் வரும்வரை.

அடைத்த வளையைக் கண்டுபிடிப்பது லேசில்லை. பார்த்தால் வெறும் மண். ஆரம்ப நாட்களில் அவளே எத்தனையோ முறை தவறவிட்டு, வெயிலில் சுற்றியிருக்கிறாள்.

ரேஞ்சருக்கும் அதே சந்தேகம். "ஒரே வாரத்துல அறுபத்திரெண்டு. எப்படிடா கண்டுபுடிச்ச?"

"அதுல என்ன சார் கஷ்டம்?" வியாபாரி பல் குத்துவதை நிறுத்தினான். "யாரோ புண்ணியவான் வளைக்கு வளை செவப்புக் கொடி நட்டு, நம்பரும் போட்டு வெச்சிருந்தாங்க. நான் வரிசையா தோண்டிக்கிட்டே போனேன், அவ்வளவுதான்."

ரேஞ்சர் சிரித்துவிட்டார். பேனாவை அவளிடம் நீட்டினார்.

"இவன் விடுற கதையையும் அறிக்கையில எழுதணுமா மேடம்?"

அவள் மடியிலிருந்த பையை மெல்ல இறக்கினாள். அந்தத் தரையில், அந்தப் பிசுக்கின் மேலேயே வைத்தாள். காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். பையின் வாய்வழியே எட்டிப் பார்த்த சிவப்புத் துணியைச் செருப்பு நுனியால் உள்ளே திணித்தாள்.

"வேணாம்," என்றாள்.